சாமத்திய வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மட்ச்

என் அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடும், என் கணவரின் பேஸ்போல் அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி மட்சும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. சடங்கு ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில், மாலை ஆறு மணிக்கு. மட்ச் அதே நகரத்தின் ஓரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நாங்கள் இருக்கும் ஹம்மிலிருந்து இரண்டுக்கும் ஒரே பாதைதானே, முதலில் மட்ச், பிறகு சடங்கு ஹோல் என்று இவர் வெகு சுலபமாகச் சொல்லிவிட்டார். பட்டுச்சேலை கட்டி, கொண்டை போட்டு, பூ வைத்து, இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு விளையாட்டுத் திடலில் குந்தியிருக்கப் போவது அவர் இல்லையே.

பேஸ்போல் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். இவரும் ஒரு காலத்தில் கிரிக்கெட்காரர்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து போட்டவர். ஹம்மில் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்யும்போது, இடைவேளையில் ஒரு கல்லை எடுத்துத் தூரத்தில் கிடந்த தகரப் பீப்பாய்க்கு எறிந்திருக்கிறார். அது போய்ச் சரியாக அடித்ததைப் பார்த்த ஒரு ஜேர்மன்காரர், எங்கள் கிளப்புக்கு வா என்று கையோடு கூட்டிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு வருடமாக எங்கள் கோடைகாலச் சனி ஞாயிறெல்லாம் அந்தத் திடலுக்குத்தான் சொந்தம். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா எதுவென்றாலும் முதலில் மட்ச் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் வாக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த விளையாட்டின் மேல் தீராத கடுப்பு.

ஆனாலும் எட்டு வருடத்தில் எனக்கும் கொஞ்சம் விளங்கிவிட்டது. பந்து எறிகிறவரைப் பிட்சர் என்பார்கள். ஒரு மட்சுக்குள்ளேயே பிட்சரை மாற்றலாம். தங்கள் அணி கொஞ்சம் முன்னால் நிற்கும்போது கடைசி இன்னிங்ஸில் மட்டும் வந்து, எதிரணியில் மூன்று பேரை வெளியேற்றி மட்சை முடித்துக் கொடுப்பதற்கென்றே ஒருவரை வைத்திருப்பார்கள். அவருக்குப் பெயர் குளோசர். இவர்தான் எங்கள் குளோசர். நான் கதவு பூட்டுகிறவர் என்று பகிடி பண்ணுவேன். வீட்டுக் கதவை இவர் பூட்டினால் நான் எழும்பிப் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன், அது வேறு கதை.

பகிடி பண்ணினாலும் அந்த இடம் இவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேற்பார்வைக்குப் போய்விட்டார்கள். இவரை யாரும் கேட்கவில்லை, இவரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் வட்டாரத்தில் இவர் ஒரு அமைதியான மனுசன், அவ்வளவுதான். அந்தத் திடலில் மட்டும், எல்லாம் கையை விட்டுப் போகிற நேரத்தில் முழு அணியும் திரும்பி இவர் முகத்தைப் பார்க்கும். ட்ரெயினர் கையைக் காட்டிக் கூப்பிடுவார். இவர் எழும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து போவார். அந்த நடை எங்கள் வீட்டில் நான் காணாத நடை.

அந்தக் கோடையில் அது கெட்டுப் போயிற்று. மூன்று மட்ச்கள், மூன்றிலும் அணி முன்னால் நின்றது, மூன்றிலும் இவர் வந்த பிறகு தோற்றது. அந்த வாரம் பயிற்சி முடிந்ததும் ட்ரெயினர் இவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், நல்ல மனுசன், சுற்றி வளைக்கத் தெரியாது. சனிக்கிழமை இவருக்கு இன்னொரு சந்தர்ப்பம், அதுவும் சரிவரவில்லையென்றால் அடுத்த வருடத்திலிருந்து கடைசி இன்னிங்ஸ் புதிதாகச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவனுக்கு என்று சொல்லிவிட்டார். இவருக்கு வெள்ளிக்கிழமை மாலைகளில் குடும்பங்கள் பொழுதுபோக்காக விளையாடும் குழுவில் இடம் உண்டாம். இதை இவர் என்னிடம் அரிசி கழுவிக்கொண்டு நின்றபோது சொன்னார். சொல்லிவிட்டு அதே அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நான் சட்டியைப் பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று.

ஆக, அந்தச் சனிக்கிழமை காரின் பின்பக்கத்தில் பலகாரத் தட்டுகள் ஏழு. பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு, பழம், பூ எல்லாம் கண்ணாடித் தாள் சுற்றி அடுக்கியிருந்தன. சிறிய தாய் என்ற முறையில் அவற்றை நான் ஆறு மணிக்கு முன் மண்டபத்தில் சேர்க்க வேண்டும். இவருடைய வேட்டியும் பட்டுச் சட்டையும் ஒரு பையில். திடலில் இறங்கியபோது இவர் என்னைப் பார்த்து, "நீர் காருக்குள்ள இரும், சேலை ஊத்தையாப்போம்," என்றார். நான் இருக்கவில்லை. கம்பி வலைக்குப் பின்னால் இருந்த வாங்கில் ஒரு துவாயை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கிற எங்கள் அணிக் கேட்சரின் மனைவி, ஒரு ஜேர்மன் பெண், கொஃபி போத்தலோடு இருந்தாள். என் சேலையைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு வெற்றி விழாவா என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

எங்கள் தரத்து லீக்கில் ஏழு இன்னிங்ஸ்தான். ஆறு இன்னிங்ஸ் ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. ஏழாவதில் எங்கள் ஆட்கள் அடித்து முடித்தபோது நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். இனி அவர்கள் அடிக்க வேண்டும். மூன்று பேரை வெளியேற்றினால் மட்ச் எங்களுக்கு. அக்கா அதற்குள் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டாள். மூன்றாவது தரம் எடுத்தபோது எங்கையடி நிக்கிறாய் என்றவளுக்கு வந்துகொண்டிருக்கிறோம் என்று வாய் கூசாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ட்ரெயினர் கையைக் காட்டினார். இவர் எழும்பி நடந்தார்.

அந்த நடையைப் பார்த்தேன். வழக்கமான நடை இல்லை. பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில் ஏறி நின்று மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தார். நடுவர் வந்து, போதும், எறி என்பது போலக் கையைக் காட்டினார்.

முதல் ஆள் மூன்று பந்துக்கும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டு வெளியேறினான். கேட்சரின் மனைவி என் தொடையில் தட்டினாள். எனக்கும் மூச்சு வந்தது. இரண்டாவது ஆளுக்கு இவர் எறிந்த பந்துகள் எல்லாம் அகலமாகப் போயின. நாலு பந்து அப்படிப் போனால் அடிக்கிறவன், ஒரு ஓட்டத்துக்குச் சுற்றிவர வேண்டிய நாலு பேஸில் முதலாவதுக்குச் சும்மா நடந்து போய்விடுவான். போனான். மூன்றாவது ஆள் அடித்த பந்து உருண்டு உருண்டு இரண்டு பேருக்கு நடுவால் போயிற்று, அவனும் பேஸில் ஏறினான். நாலாவது ஆளும் சும்மா நடந்தான். மூன்று பேஸிலும் ஆட்கள். இனி இவர் விடுகிற எந்தப் பிழையும் நேரே ஓட்டமாகும்.

கேட்சர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய் இவரிடம் ஏதோ பேசினார். இவர் தலையை ஆட்டினார். ட்ரெயினர் வேலியில் சாய்ந்தபடி நின்றார், அசையவில்லை. மாணவன் ஓரத்தில் நின்று கையைச் சூடாக்கத் தொடங்கினான். அதை இவர் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

ஐந்தாவது ஆளுக்கு எறிந்த பந்துகளில் பழைய வேகம் இருந்தது. அவன் மூன்றாவது பந்தைத் தொடவே இல்லை. இரண்டு பேர் வெளியே, இன்னும் ஒருவன்தான். நான் என்னையறியாமல் எழும்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளையல்கள் கம்பியில் பட்டுச் சத்தம் போட்டன. முன்னால் நின்ற எதிரணி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், நான் முறைத்தேன். எட்டு வருடமாக இந்த விளையாட்டு எப்போது தொலையும் என்று இருந்தவள்தான் நான். அப்போது, பிள்ளையாரே இந்த மனுசனிடமிருந்து அந்த மேட்டைப் பறித்துவிடாதே என்று கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன்.

ஆறாவது ஆளின் முதுகில் இவருடைய பந்து பட்டது. பட்டால் அவனுக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும், மற்ற எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள். மூன்றாவது பேஸில் நின்றவன் கடைசியான வீட்டு பேஸுக்கு வந்து சேர்ந்தான். ஓட்டம் சமம். பேஸ்கள் மூன்றும் மறுபடி நிறைந்திருந்தன. இனி அடுத்தவனை வெளியேற்றினால் மட்ச் நீளும், எங்களுக்கு இன்னொரு தரம் அடிக்கக் கிடைக்கும். விட்டால் எல்லாம் முடிந்தது.

கேட்சரின் மனைவி கொஃபிப் போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை.

ஏழாவது ஆளுக்கு இரண்டு பந்து நல்லதாக விழுந்தன, மூன்று அகலமாகப் போயின. அடுத்த பந்தோடு ஏதோ ஒன்று தீரும். இவர் பந்தைக் கையுறைக்குள் வைத்துக் கேட்சரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். இடது காலைப் பின்னால் வைத்தார். பிறகு நின்றார். கைகள் இறங்கின. திரும்பி, மேட்டின் பின்பக்கமாக இரண்டு அடி நடந்தார்.

நடுவர் கையை நீட்டிக் கத்தினார். மூன்றாவது பேஸில் நின்றவன் அவசரமே இல்லாமல் நடந்து வந்து வீட்டு பேஸை மிதித்தான். அவனுடைய ஆட்கள் முழுப்பேரும் திடலுக்குள் பாய்ந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தையே எறியவில்லை, யாரும் அடிக்கவில்லை, எப்படித் தோற்றோம்? கேட்சரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, அதற்குப் பெயர் போல்க் என்றாள். எறியத் தொடங்கிய பிட்சர் எறிந்தே ஆக வேண்டுமாம். நடுவில் நின்றால் குற்றம், பேஸில் நிற்கிற எல்லோருக்கும் ஒரு பேஸ் சும்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும், பந்து போட ஓடிவருகிறவருக்கு அடி சரியாக விழவில்லையென்றால் நிற்பார், திரும்பி நடப்பார், மறுபடி ஓடிவருவார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். துடுப்பாட்டக்காரன் தரையைத் தட்டிக்கொண்டு காத்திருப்பான். இவர் செய்ததும் அதுதானே. நான் வலையில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நடுவரைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினேன்: "என்ன பிழை செய்தவர்? திரும்பித்தானே நடந்தவர். களவோ எடுத்தவர்?"

அந்தத் திடலில் அது விளங்கிய ஒரே ஆள் இவர்தான். மேட்டிலிருந்து என்னைப் பார்த்தார். தலையை மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினார். நான் வாயை மூடினேன்.

இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகொடுத்தன. நான் வாங்கில் இருந்து அந்தப் பெண்ணுக்கு டொச் மொழியில் மூச்சு விடாமல் விளங்கப்படுத்தினேன். இவர் இருபது வயது வரைக்கும் கிரிக்கெட்டில் பந்து போட்டவர், அங்கே இப்படி நிற்பது குற்றமே இல்லை, உடம்புக்குப் பழகின விசயம் பதற்றத்தில் வெளியே வந்துவிட்டது என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நேரே ட்ரெயினரிடம் போய்ப் பேசினாள். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இவர் காருக்கு வந்தபோது நேரம் போய்க்கொண்டிருந்தது. குளிக்க நேரமில்லை. கார்க் கதவைத் திறந்து அதன் மறைவில் நின்று ஈரத் துவாயால் முகம் துடைத்தார், பட்டுச் சட்டையைப் போட்டார். கீழே இன்னும் மண் பூசின விளையாட்டுக் காற்சட்டைதான்.  பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார், அதைச் சரிசெய்துவிட்டேன். அப்போது ட்ரெயினர் வந்தார்.

பட்டுச் சட்டையைப் பார்த்து அவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். கிரிக்கெட்டில் அப்படி நிற்கலாம் என்பது தனக்கு இதுவரை தெரியாதாம். இது பயமோ பலவீனமோ இல்லை, பழைய பழக்கம், பழக்கத்தை மாற்றலாம், பனிக்காலத்தில் உள்ளரங்கில் வைத்துத் திருத்திவிடலாம் என்றார். ஆகவே மாணவனுக்குக் கொடுக்கப் போவதில்லை, கடைசி இன்னிங்ஸ் அடுத்த வருடமும் இவருக்குத்தான் என்றார். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. ஒரு நல்ல மனுசனை விலக்குவதற்கு வந்தவருக்கு விலக்காமல் இருக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

எனக்கும் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. ட்ரெயினரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஓம் சொல்லுங்கோ, சொல்லிவிட்டு வாருங்கோ என்று தலையை ஆட்டினேன். அந்தக் காரணம் எங்கிருந்து போனது என்று இவருக்கு விளங்கிவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில்.

பிறகு ட்ரெயினரைப் பார்த்து, டொச்சில், ஒவ்வொரு சொல்லாக, "பழக்கமில்லை. எனக்குப் பயம்," என்றார்.

ட்ரெயினர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் விடவில்லை. எட்டு வருடத்தில் ஒரு தரம்கூடத் தான் அப்படி நின்றதில்லை என்றார். இந்தக் கோடை முழுக்க, பேஸ் நிறைந்தவுடன் கேட்சரின் கை கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார். இன்றைக்குக் கையைத் தூக்கின பிறகு பந்தை விடப் பயம் வந்தது, அதனால்தான் நின்றேன், மாணவனுக்குக் கொடுங்கள் என்றார்.  இந்த மனுசன் தமிழில்கூட யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை.

ட்ரெயினர் இவருடைய தோளில் கையை வைத்தார். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு எப்படியும் வா என்றார். இவர் சரி என்றார். அவர் போனதும் இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார், வேட்டியைக் கட்டினார்.

காரை நான்தான் ஓட்டினேன். கொஞ்சத் தூரம் பொறுத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. அந்த மனுசன் தானாகக் கொண்டுவந்து கையில் வைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, பனிக்காலம் முழுக்கப் பழகியிருக்கலாமே, யாருக்குத் தெரியப் போகிறது என்று பொரிந்து தள்ளினேன். நான் கோபத்தில் பேசினால் பின் கண்ணாடிகூட ஆடும்.  நான் மூச்சு வாங்கின இடத்தில் இவர் மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு மட்டும் தெரியுமே. இன்னொருக்கா அந்தப் பொய்யோட அதில ஏறி நிக்க எனக்கு ஏலாதப்பா."

பிறகு வலது கையை என் பக்கம் நீட்டி, "இஞ்ச பாரும்," என்றார்.

கை நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சமாக இல்லை, விரல் நுனி வரைக்கும். மட்ச் முடிந்து அவ்வளவு நேரம் ஆகியும் அது நிற்கவில்லை.  இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுவதும் அந்த மேட்டில் ஏறியிருக்கிறார். நான் சனிக்கிழமை வீணாய்ப் போகிறதென்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். நான் அந்தக் கையைப் பிடித்தேன். மற்றக் கையால் காரை ஓட்டினேன். சிக்னலில் நிற்கும்போதும் விடவில்லை. 

மண்டபத்து வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் அக்காவின் வீட்டுக்காரரும் இன்னும் நாலைந்து ஆண்களும் வேட்டியோடு நின்று, இதோ வந்துவிட்டார்கள் என்று எங்கள் காரை நோக்கி வந்தார்கள். அக்கா பின்னால் நின்று மணிக்கட்டைக் காட்டினாள். என் கணவர் மற்றவர்கள் முன்னால் என் அருகில்கூட நிற்கக் கூச்சப்படுகிறவர். கலியாணப் படத்திலேயே எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். ஆட்கள் கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டார்கள், இனிக் கையை எடுத்துவிடுவார் என்று நான் பிடியைத் தளர்த்தினேன்.

அவர் எடுக்கவில்லை. ஒருவர் குனிந்து, மட்ச் என்ன மாதிரி, வெண்டனீங்களோ என்று கேட்டார்.

"தோத்துப் போனம்," என்றார் இவர். "என்னாலதான்." என் கையை இன்னும் பிடித்தபடியே சொன்னார்.